பின்னால் வந்த ஒருவர்

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நான் சுகம்தான். முழங்கைச் சிராய்ப்பு ஆறி, தோல் உரிந்து, புதுத்தோலும் வந்துவிட்டது. அண்ணியின் முட்டிவலி தேவலையா? சின்னதுக்கு முன்பல் முளைத்ததா, இன்னும் காற்றாகத்தான் பேசுகிறதா?

போன் வேண்டாம், கடிதம் போடு என்று நீ சொன்னபோது முதலில் சுருக்கென்றிருந்தது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எட்டு மணிநேரம் போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உனக்கு வீட்டுக்கு வந்தும் எதற்கு இன்னொரு குரல் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் சைக்கிள் சுற்றுலா ஆரம்பித்துவிட்டார்கள். என் குழுவில் வந்த தையல்காரம்மா பாறையிலிருந்து விழுந்து இறந்து அன்றோடு மூன்று வாரம். இப்போது விதி கடுமை. எட்டுப் பேருக்கு மேல் கூடாது. முன்னால் நான், யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்ளக் கடைசியில் வால்காரர். வால்காரர் இல்லாமல் ஒரு வண்டியும் வெளியே போகாது. இதை முதலாளி ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தது போல எங்களுக்குச் சொன்னார். முன்பே இருந்த விதிதான்.

வழி உனக்குத் தெரியாதே, சொல்கிறேன். காலையில் கொட்டகைக்குப் போனால் பன்னிரண்டு எலக்ட்ரிக் சைக்கிளும் சுவரோரம் சார்ஜில் நிற்கும். அங்கிருந்து உப்பளக் கரை, பிறகு கலங்கரை விளக்கம், அங்கிருந்து மேட்டுப்பாதை. ஒரு பக்கம் புதர், மறுபக்கம் நேராகக் கடல். மேடு முடிகிற இடத்தில் முனை. தீபகற்பம் அங்கே கத்தி நுனி மாதிரிக் கூர்ந்து, மூன்று பக்கமும் தண்ணீராகிவிடும். எல்லோரும் அங்கே வந்ததும் வாயடைத்துப் போவார்கள். நேற்று ஒரு கணவன் மனைவி. அவர் மோட்டாரை ஐந்தில் வைத்துக்கொண்டு பறக்கிறார், அந்தம்மா ஒன்றில் வைத்துக்கொண்டு பேட்டரியை மிச்சம் பிடிக்கிறார். ஏன் என்று கேட்டேன். "திரும்பி வரும்போது இவரை யாரு இழுத்துட்டு வர்றது?" என்றார்.

விசாரணை அறிக்கையின் நகல் வந்தது. "தானாகத் திரும்பிச் செல்வதாக வழிகாட்டியிடம் கூறிவிட்டு, குழுவை விட்டு விலகிச் சென்றார்" என்று இருக்கிறது. நான் கொடுத்த வாக்குமூலம்தான். அச்சில் பார்க்கும்போது யாரோ சொன்னது போல இருக்கிறது.

ஒரு சின்னத் தொந்தரவு. முனையில் நின்று வாடிக்கையாளர்களை எண்ணினால் ஒன்பது வருகிறது. என்னையும் சேர்த்து எண்ணிவிடுகிறேன் போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணிக்கு என் அன்பு. பதில் போடு.

உன் சில்வண்டு


ஏப்ரல் 19

சில்வண்டுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் அண்ணி முட்டிக்குப் பட்டி போட்டுக்கொண்டு மாடிப்படியோடு சண்டை போடுகிறாள். சின்னதுக்குப் பல் பாதி வந்துவிட்டது. உன் படத்தைக் காட்டி "அத்தை ஏன் பேச மாட்டேங்குது?" என்று கேட்டது. ஒரு காலத்தில் உன் வாயை மூட வீட்டில் ஆள் இல்லை என்று சொன்னேன், நம்பவில்லை.

எண்ணும்போது உன்னைச் சேர்த்து எண்ணாதே, அவ்வளவுதான். இதற்கெல்லாம் கடிதத்தில் ஒரு பத்தி வீணாக்குவார்களா?

அறிக்கை வந்துவிட்டது, முடிந்துவிட்டது. நடந்ததை நீ சொன்னாய், அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்காதே. அலமாரியின் அடியில் போடு. என் வேலையில் ஒரு நாளைக்கு நூறு பேர் அழுகிறார்கள். ஒருவர் வைத்ததும் அடுத்தவரை எடுக்கிறேன். முதல் ஆளையே நினைத்துக்கொண்டிருந்தால் இரண்டாவது ஆள் செத்துப்போவான்.

நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் தொப்பி போடு. வேறு வேலை ஏதாவது கண்ணில் பட்டால் பார்.

அன்புடன்,
அண்ணன்


மே 23

அன்புள்ள அண்ணா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு இருமல் மட்டும். கடற்காற்றில் அது எல்லோருக்கும் இருக்கிறது.

நீ சொன்னபடி என்னை விட்டுவிட்டு எண்ணிப் பார்த்தேன். ஆறு நாள் சரியாக வந்தது. ஏழாம் நாள் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், நிதானமான மனிதர். வரிசையில் வாடிக்கையாளர்களில் அவர்தான் கடைசி. முனையில் எல்லோரும் படம் எடுத்து முடித்து, நான் ஹெல்மெட்டை மாட்டும்போது என்னிடம் வந்தார்.

"கொஞ்சம் பொறுங்க. பின்னால ஒரு அம்மா வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தாங்களே, அவங்க இன்னும் வரலையே" என்றார்.

"உங்களுக்குப் பின்னால எங்க ஆள்தான் சார் இருந்தாரு."

"அவரைச் சொல்லல. அவருக்கும் பின்னால."

வால்காரரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார், யாரும் இல்லை என்று. பெரியவர் விடவில்லை. பாதையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பாவம், அந்த வண்டியெல்லாம் என்ன கனம். தள்ளவா முடியும்?" என்றார். பிறகு, ஊர்க்காரப் பெண் யாராவது குறுக்கே போயிருப்பாள் என்று அவரே சொல்லிக்கொண்டார். அந்த மேட்டில் குறுக்கே போக வழி கிடையாது அண்ணா.

தையல்காரம்மா ஓட்டிய ஆறாம் நம்பர் வண்டியைப் போலீஸ் திருப்பிக் கொடுத்துவிட்டது. மெக்கானிக் புது பேட்டரி போட்டு வரிசையில் நிறுத்தியிருக்கிறார். நான் யாருக்கும் அதைக் கொடுப்பதில்லை. ஆனால் வருகிறவர்களில் யாராவது ஒருவர் நேராக அதனிடம்தான் போய் நிற்கிறார். புதிதாகத் துடைத்து வைத்திருப்பதாலோ என்னவோ.

புறப்படும் முன் நான் சொல்லும் அறிவுரையில் ஒரு வரியை எடுத்துவிட்டேன். "பின்தங்கிட்டா மணியை மூணு தடவை அடிங்க, நான் திரும்பி வந்துடுவேன்" என்று சொல்வேன். இப்போது கையை ஆட்டச் சொல்கிறேன். பனி இறங்கினால் கை தெரியாதே என்று வால்காரர் கேட்டார். நான் அடுத்த வண்டியின் பிரேக்கைப் பார்க்கப் போனேன்.

அண்ணிக்கும் சின்னதுக்கும் என் முத்தம். சீக்கிரம் எழுது, அண்ணா.

சில்வண்டு


ஜூலை 2

சில்வண்டுக்கு,

தாமதத்துக்கு மன்னி. இங்கே ஆள் பற்றாக்குறை, இரட்டை முறை வேலை. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வெயிலில் வயதானவர் ஒருவர் எதையோ பார்த்திருக்கிறார். அதற்குப் போய் நீ ஒரு மாதமாக மனசைக் குழப்பிக்கொண்டிருக்கிறாய். அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வா. பின்னறையைக் காலி செய்துவிட்டோம். தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவரிடமும் பேசிவிட்டேன்.

இன்னொன்று. உன் கடிதங்களைப் படித்ததும் கிழித்துவிடுகிறேன். நீயும் என்னுடையதை அப்படியே செய். பழைய காகிதத்தைச் சேர்த்து வைப்பதில் யாருக்கும் லாபமில்லை.

மணியைப் பற்றியெல்லாம் இனி எழுத வேண்டாம்.

இருமலுக்கு வெந்நீர் குடி.

அண்ணன்


ஜூலை 21

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம்தானே? எனக்கு இருமல் நின்றுவிட்டது. பின்னறைக்கு நன்றி. இப்போது வர முடியாது, ஏன் என்று சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை எட்டுப் பேரில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். கணவர் பெயரில் பதிவு செய்துவிட்டுத் தனியாக வந்திருந்தாள். மோட்டாரை எப்படிக் கூட்டுவது என்று காட்டினேன், கேட்டுக்கொண்டாள். உப்பளத்தில் எல்லோரும் கொக்கைப் பார்க்க, அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலங்கரை விளக்கத்தில் பத்து நிமிடம் ஓய்வு. அப்போது பக்கத்தில் வந்தாள்.

"எங்கம்மா இங்கதானே உங்ககிட்ட பேசினாங்க?"

அதே நெற்றி, அதே போலத் தோளை ஒரு பக்கம் சாய்த்து நிற்பது.

"ஆமாங்க" என்றேன்.

"கடைசியா என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை விடாம."

"முடியல, நான் திரும்பிப் போறேன்னு சொன்னாங்க."

"குரல் எப்படி இருந்துச்சு? கோவமா? அழுதாங்களா?"

"சாதாரணமாத்தான் இருந்தாங்க."

அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அவளாகவே சொன்னாள். அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்ததாம். தையல் கடையை மூடு என்று இவள் பிடிவாதம் பிடித்தாளாம். வாக்குவாதத்தில், "உங்களைப் பாத்துக்கிறதே எனக்கு முழுநேர வேலையாப் போச்சு" என்று சொல்லிவிட்டாளாம். அடுத்த வாரம் அம்மா யாரிடமும் சொல்லாமல் தனியாகப் பேருந்து ஏறி இங்கே வந்து சைக்கிள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருக்கிறார்.

"வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்தாங்க. ஹெல்மெட்டைக் கழட்டி ஹேண்டில்பார்ல மாட்டியிருந்தாங்க. விழப்போறவங்களா அப்படி வைப்பாங்க? தைச்ச துணியை மடிச்சு வைக்கிற மாதிரி எல்லாத்தையும் வச்சுட்டுத்தான் போயிருக்காங்க. தானாத்தான் போயிருக்காங்க. நீங்க சொன்னதும் அதேதானே?"

நான் தண்ணீர் குடித்தேன். "மேட்டுல கியரைக் குறைச்சுக்கங்க" என்று எல்லோருக்குமாகச் சத்தமாகச் சொன்னேன். அவ்வளவுதான் அண்ணா நான் சொன்னது.

முனையில் அவள் கம்பித்தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் படம் எடுத்தார்கள். அவள் போன் எண்ணையும் முகவரியையும் பதிவுப் புத்தகத்திலிருந்து எழுதி வைத்திருக்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை.

நான் என்ன செய்யட்டும்? இதற்கு மட்டும் பதில் போடு.

உன் தங்கை


ஆகஸ்ட் 14

அன்பான சில்வண்டுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நாங்கள் உயிரோடு இருக்கிறோம், சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதம் வந்த அன்று உன் அண்ணன் வாசலில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று படித்தார். உள்ளே வரவில்லை. துண்டு துண்டாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து சரியில்லை. போன வாரம் வேலையில் ஒரு அழைப்பை எடுத்தவர் பேசாமலே உட்கார்ந்திருந்தாராம். மறுமுனையில் யாரோ கத்திக்கொண்டிருக்க, இவர் "என்ன சத்தம் அது, என்ன சத்தம் அது" என்று மட்டும் கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் பிடுங்கிப் பேசி ஆளை அனுப்பியிருக்கிறார். இரண்டு வாரம் ஓய்வெடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

குளியலறைக் குழாய் சொட்டினால் எழுந்து போகிறார். தெருவில் சைக்கிள் போனால் ஜன்னலைச் சாத்துகிறார். சின்னதின் மூன்று சக்கர வண்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். அது அழுது அழுது ஓய்ந்துவிட்டது.

உங்கள் இரண்டு பேருக்குள் என்ன இருக்கிறது? கேட்டால், "ஒண்ணுமில்ல, அவளுக்கு மனசு சரியில்ல" என்கிறார். எனக்கு உன் மனசு தெரியும். நீ சரியில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும். என்னிடம் சொல்ல வேண்டாம். அவரிடமாவது பேசு.

உடம்பைக் கவனி.

அண்ணி


ஆகஸ்ட் 22

அண்ணா,

நீ எப்படி இருக்கிறாய் என்பதை அண்ணி எழுதினார். நான் எப்படி இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும்.

இவ்வளவு நாளும் நாம் எழுதாமல் விட்டதை ஒரு முறை முழுதாக எழுதிவிடுகிறேன். இதையும் கிழித்துக்கொள்.

அன்று வால்காரருக்குக் காய்ச்சல். முதலாளி, "ஒன்பது பேர்தானே, நீ ஒருத்தியே சமாளிப்பே" என்றார். மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆறாம் நம்பர் பேட்டரி ஏமாற்றும் என்று எனக்குத் தெரியும். முழுதாகக் காட்டும், கொஞ்ச தூரம் போனால் கடகடவென்று இறங்கும். அதைத் தையல்காரம்மாவுக்குக் கொடுத்தேன். வண்டி உயரம் குறைவு, அவருக்குச் சரியாக இருந்தது. கால்சட்டை ஓரம் சங்கிலியில் மாட்டாமல் இருக்க, அதை முந்தின நாளே தானே மடித்துத் தைத்துக்கொண்டு வந்ததாகக் காட்டினார்.

கலங்கரை விளக்கத்தில் அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "பேட்டரி ஒரு கோடுதாம்மா காட்டுது." நான் சொன்னது: "அது அப்படித்தான் காட்டும், வாங்க." திரும்பிப் போகிறேன் என்று அவர் சொல்லவே இல்லை.

மேட்டில் பனி இறங்கியது. முனைக்கு வந்து எண்ணினேன், எட்டு. அப்போது கீழே பாதையில் மணி கேட்டது. மூன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. நான்தானே சொல்லிக் கொடுத்தேன். ஆனால் எட்டுப் பேரைப் பனியில் பாறை ஓரத்தில் விட்டுவிட்டு எப்படிப் போவது? ஐந்து மணிப் படகைப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். கடலில் மிதவைக்கு மணி கட்டியிருப்பார்கள், அதுதான் என்று எனக்கு நானே சொன்னேன். அந்தக் கடலில் மணி கட்டிய மிதவை கிடையாது.

மேட்டுப்பாதையில் போன் கிடைப்பது முனையில் மட்டும்தான். மீட்புக்குப் போடாமல் உனக்குப் போட்டேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "அவங்க திரும்பிப் போயிருப்பாங்க. கூட்டத்துல ஒருத்தர் எப்பவும் அப்படித்தான். இப்ப ஆளைக் கூப்பிட்டா முதல் கேள்வி உன்னைத்தான் கேப்பாங்க, ஏன் ஒன்பது பேரைத் தனியாக் கூட்டிட்டுப் போனேன்னு. இருக்கறவங்களைக் கொண்டு போய்ச் சேர்த்துடு." உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அதைத்தான் நீ சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் உனக்குப் போட்டேன். வந்த பாதையில் திரும்பாமல், மறுபக்க இறக்கம் வழியாக எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கொட்டகையில் அவர் இல்லை. மறுபடி உனக்குப் போட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று நீ சொன்ன வாக்கியம்தான் இப்போது அறிக்கையில் இருக்கிறது.

அந்தப் பெண் தன் ஒரு வார்த்தையால்தான் அம்மா போனார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் அவளிடம் போகப்போகிறேன். உன் பெயர் வராது.

அண்ணியிடம் கோபப்படாதே.

உன் தங்கை


செப்டம்பர் 1

சில்வண்டு,

நலம். நான் சொல்லும் வரை எங்கேயும் போகாதே.

அண்ணன்


செப்டம்பர் 25

அன்புள்ள அண்ணா,

வணக்கம். நீ வேலைக்குத் திரும்பிவிட்டாய் என்று அண்ணி எழுதியிருந்தார். சந்தோஷம்.

மூன்று வாரம் காத்திருந்தேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. போய்விட்டு வந்தேன்.

கீழே அவள் அம்மாவின் தையல் கடை, மேலே வீடு. கடையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வாடிக்கையாளர் வாங்காமல் போன துணிகள், ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு குத்தியிருந்தது. அவள் ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். கொண்டுபோய்க் கொடுத்துவிடப் போகிறாளாம்.

"நான்தான், முனைக்குக் கூட்டிட்டுப் போனேனே" என்றேன்.

"தெரியுது. உள்ள வாங்க."

நான் வாசல்படியைத் தாண்டவில்லை. "திரும்பிப் போறேன்னு உங்கம்மா சொல்லவே இல்ல. நான் சொன்னது பொய்" என்றேன். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை.

கையிலிருந்த துணியை மேசையில் வைத்தாள். மற்றதையும் சொன்னேன். பேட்டரி, பனி, எட்டு, மணி.

"மணி அடிச்சாங்களா?"

"அடிச்சாங்க. மூணு மூணா. நான் அங்க நின்ன வரைக்கும்."

"எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"பன்னெண்டு நிமிஷம்."

அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று நின்றேன். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது, அவள் பன்னிரண்டு நிமிடத்தை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று. தெருவில் ஒருவர் பால் பெட்டிகளை இறக்கினார். யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. அந்த மேட்டில் கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

"இவ்வளவு நேரமா?" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"அப்ப ஸ்டாண்டு ஏன் போட்டாங்க?"

"பேட்டரி செத்துட்டா அந்த வண்டி இருபத்தாறு கிலோ. அந்த மேட்டுல தள்ள முடியாது. யாரா இருந்தாலும் நிறுத்திட்டுத்தான் நடப்பாங்க."

"ஹெல்மெட்?"

"காது கேக்கறதுக்குத்தான் இருக்கும். எங்க குரல் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்க."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "அப்ப எங்கம்மா எங்களோட வந்து சேரணும்னுதான் இருந்திருக்காங்க" என்றாள். எங்களோடு என்றாள் அண்ணா, வீட்டுக்கு வருவதைப் போல. 'உங்களோடு' என்று சொல்லவில்லை.

பிறகு எழுந்து, கண்ணைத் துடைத்து, கேட்டாள். "திரும்பிப் போறேன்னு சொன்னாங்கன்னு சொல்ல உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தாங்களா?"

"இல்ல" என்றேன்.

"இதை எழுதிக் கொடுப்பீங்களா?"

"நாளைக்கே."

"கொடுத்துடுங்க. இங்க இனிமே வராதீங்க."

மறுநாள் விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். முதலாளி அன்றே என் சாவியை வாங்கிக்கொண்டார். நவம்பரில் மறுவிசாரணை.

அண்ணிக்கு என் அன்பு. சின்னதின் வண்டியைப் பரணிலிருந்து இறக்கிக் கொடு.

சில்வண்டு


அக்டோபர் 17

அன்புத் தங்கைக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

நீ எல்லாவற்றையும் எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒன்று உனக்குத் தெரியாது.

நீ முனையிலிருந்து போன் செய்தபோது நான் இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் இருந்தேன். பத்தொன்பது வருடமாக நான் செய்வது ஒரே வேலை, பேசுகிறவர் சொல்வதை ஒரு காதிலும், பின்னால் வரும் சத்தத்தை மறுகாதிலும் கேட்பது. வீட்டில் தண்ணீர் கொதிக்கிறதா, குழந்தை அழுகிறதா, யாராவது மூச்சுக்குத் திணறுகிறார்களா. பேசுகிறவர் பயத்தில் எதையாவது உளறுவார். பின்னால் இருக்கும் சத்தம் பொய் சொல்லாது. "என்ன சத்தம் அது?" என்று உன்னைக் கேட்டேன். "மிதவை மணி" என்றாய். மூன்று, இடைவெளி, மூன்று. அலை ஆட்டினால் மணி அப்படி ஒழுங்காக அடிக்காது. ஒரு மனிதக் கை அடிக்கிறது என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். தெரிந்துதான் "திரும்பிப் போயிருப்பாங்க" என்றேன். உனக்குச் சிக்கல் வரக்கூடாது, அது ஒன்றுதான் தலையில் இருந்தது. அந்தப் பக்கம் அடிப்பது யாரோ. இந்தப் பக்கம் என் தங்கை.

அதன்பிறகு உன் குரலைப் போனில் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. நீ பேசினால் பின்னால் என்ன கேட்குமோ என்றுதான் கடிதம் போடச் சொன்னேன்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நீ அவளிடம் சொன்னதைப் படித்ததும் உன் அண்ணியைக் கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் நல்ல சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் வைத்திருந்தாள். அலுவலகத்தில் மேலதிகாரியிடம் போய் எழுதிக் கொடுத்தேன். நேற்று விசாரணை அதிகாரிக்கும் அனுப்பிவிட்டேன். வேலை இருக்குமா என்று தெரியவில்லை. இருக்கக்கூடாது என்றுதான் தோன்றுகிறது.

நவம்பர் ஒன்பதாம் தேதிக் காலைப் பேருந்தில் வருகிறேன். விசாரணை அறையில் உன் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வை.

உன் அண்ணன்


நவம்பர் 11

அன்புள்ள அண்ணிக்கு,

முட்டிவலியோடு அலைந்து அண்ணாவை பஸ் ஏற்றிவிட்டீர்களாம். நன்றி. அவன் சாப்பிட்டான், உறங்கினான். இப்போது என் அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறான். இரண்டு நாளில் அனுப்பிவைக்கிறேன், அல்லது இருவருமாக வருகிறோம். நடந்ததை நீங்கள் என்னிடமிருந்து கேட்பதுதான் முறை.

விசாரணை ஒரு சின்ன அறையில். நீள மேசை, மூலையில் சத்தம் போடும் மின்விசிறி. முதலாளி வக்கீலோடு வந்திருந்தார். மெக்கானிக்கும் வால்காரரும் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்கள். தையல்காரம்மாவின் மகள் ஜன்னலோரம் மடியில் ஒரு பையோடு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

நான் சொன்னேன். பிறகு அண்ணா சொன்னான். அவன் பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தினமும் போனில் முகவரி கேட்கிற குரல், நிறுத்தி, தெளிவாக. "சத்தம் எப்படி இருந்தது?" என்று அதிகாரி கேட்டார். அண்ணா மேசையில் விரலால் தட்டிக் காட்டினான். அவள் முன்னால் குனிந்து அவன் விரலைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சே சொன்னீங்களா?" என்று அவள் அவனிடம் நேராகக் கேட்டாள். அவளைப் பேச வேண்டாம் என்று அதிகாரி சொல்லவில்லை.

"தெரிஞ்சேதாம்மா சொன்னேன்."

அவ்வளவுதான். அவள் பின்னால் சாய்ந்துகொண்டாள்.

என் உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள். மேட்டுப்பாதையைச் சுற்றுலாவுக்கு மூடச் சொல்லிவிட்டார்கள். முதலாளி மீதும் எங்கள் மீதும் வழக்கு வரும் என்றார் அதிகாரி. வரட்டும். இதெல்லாம் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும்போது, "அந்த வாக்கியம்?" என்று அவள் கேட்டாள்.

அதிகாரி பழைய அறிக்கையை எடுத்து, "தானாகத் திரும்பிச் செல்வதாக" என்று தொடங்கும் வரியை அடித்தார். கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் புதிதாக எழுதி, வாசித்தார்: "வண்டி நின்றுவிட்டதால் இறங்கி, தன் குழுவோடு சேர்ந்துகொள்ள நடந்து வரும் வழியில், பனிமூட்டத்தில் பாதை தவறி விழுந்தார்."

"இன்னொரு தடவை வாசிங்க" என்றாள்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி வாசித்தார். இந்த முறை மெதுவாக. அவள் உதடு கூடவே அசைந்தது. வாசித்து முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணா எழுந்து, அவள் போகும் வரை நின்றுகொண்டிருந்தான். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆள் வந்து விசிறியை நிறுத்தி, விளக்கை அணைத்து, அறையைப் பூட்ட வேண்டும் என்று சொல்லும் வரை எழுந்திருக்கவில்லை.

சின்னதிடம் அத்தை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்